பத்திநாதரின் பெயரில் போன குழாய்

பாரிஸ் லா சப்பலில், இராஜதுரையின் பலசரக்குக் கடைக் கண்ணாடியில் ஒரு சாண் இடம்கூடச் சும்மா கிடந்ததில்லை. கோயில் தேர், அரங்கேற்றம், கார்ஜில் வாடகைக்கு ஓர் அறை, முப்பத்தோராம் நாள் நினைவு, கொழும்புக்கு மலிவு விமானச் சீட்டு என்று ஒன்றின் மேலொன்றாக ஒட்டிக் கிடக்கும். 2023 மார்ச் முதற் செவ்வாய்க்கிழமை, பென்சன் வயதை அறுபத்துநான்காக ஏற்றக்கூடாதென்று பாரிஸில் பாதிப்பேர் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த நாளில், சுருட்டிய நீலச் சுவரொட்டி ஒன்றுடன் துஷ்யந்தி அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. பாரிஸின் புறநகர் கார்ஜ் லே கொனெஸில் பிறந்தவள். பிராந்தியம் முழுவதற்கும் புற்றுநோய்ப் பரிசோதனைகளை ஒழுங்குசெய்யும் அலுவலகமொன்றில் வேலை. மார்பகம் ஒருவருக்கு, கருப்பை இன்னொருவருக்கு என்று பங்கிட்டபோது அவளுடைய பங்குக்குப் பெருங்குடல் வந்திருந்தது. ஐம்பது வயதிலிருந்து எழுபத்துநான்கு வரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் கடிதம் போடும். அந்தக் கடிதத்தை மருந்துக்கடையில் காட்டினால் ஒரு சிறிய பெட்டி தருவார்கள். உள்ளே பச்சை மூடிபோட்ட ஒரு குழாய். வீட்டில் மலத்திலிருந்து ஊசிமுனையளவு எடுத்துக் குழாயில் போட்டு, திகதி எழுதி, அவர்கள் தந்த உறையிலேயே தபாலில் சேர்த்துவிட்டால் சரி. கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருந்தால் ஆய்வுகூடம் கண்டுபிடிக்கும்.

நூறு கடிதம் போனால் முப்பது குழாய் திரும்பி வருவதே பெரும்பாடு. எங்கள் ஆட்களில் எத்தனை பேர் அனுப்புகிறார்கள் என்று கணக்கில்லை. பிரான்சில் இனம்பிரித்துக் கணக்கெடுக்க முடியாது. ஆனால் பதில் வராத பட்டியலில் பெயர்களின் நீளத்தைப் பார்த்தே துஷ்யந்திக்கு விளங்கிவிட்டது. போன வருடம் ஒரு மண்டபத்தில் பிரெஞ்சு வைத்தியரைக் கூட்டிவந்து படம் போட்டுக் காட்டினாள். அறுபது பேர் வந்தார்கள். தின்ன வைத்த ரோல்ஸ் எழுபது முடிந்தது. பெட்டி இரண்டு போனது.

அவள் கேட்டது கண்ணாடியில் ஓர் இடம். இராஜதுரை சுவரொட்டியை விரித்துப் பார்த்தார். நீலநிற நாடா, சிரிக்கிற வெள்ளைக்காரத் தாத்தா. திரும்பச் சுருட்டி அவளிடமே கொடுத்தார். கண்ணாடியில் ஒட்டினதை ஒருவரும் வாசிப்பதில்லை, யார் செத்தது என்று மட்டும் பார்ப்பார்கள், அந்த வரிசையில் இதையும் ஒட்டினால் இந்தத் தாத்தாவும் செத்துப்போனார் என்றுதான் நினைப்பார்கள் என்றார். பதிலுக்கு ஒரு மேசை தருவதாகச் சொன்னார். அதற்கு அவர் வைத்த நிபந்தனைகள் மூன்று. மாதம் முழுக்க எல்லா ஞாயிறும் அவள் வரவேண்டும், ஏனென்றால் ஒரு நாள் வந்து போகிறவரிடம் சனம் சாமான் வாங்காது. மேசை வாசலில் வரக்கூடாது, ஏனென்றால் லா சப்பலில் வாசலில் பேனாவும் கடதாசியுமாக இருப்பவர் நிதி சேர்ப்பவர், கண்டதும் சனம் எதிர்ப்பக்கம் மாறிவிடும். அரிசிமூட்டைக்கும் குளிரூட்டிய மீனுக்கும் நடுவில், வரிசையில் நிற்பவர் விலக முடியாத இடத்தில் போடவேண்டும். மூன்றாவது, கதை தொடங்குவது அவராக இருக்கவேண்டும்.

துஷ்யந்தி இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றிப்பார்க்கக் கொஞ்சம் பேரம் பேசினாள். நடக்கவில்லை. தெல்லிப்பழைச் சந்தையில் தகப்பனின் மடியிலிருந்து வெங்காயம் விற்றுப் பழகியவரிடம் அவள் படித்த பட்டங்கள் எடுபடவில்லை.

முதல் ஞாயிறு சனம் பெட்டியைப் பார்த்துக் கேட்ட முதற் கேள்வி, சும்மா தருகிறார்களா என்பது. ஓம் என்றாள் துஷ்யந்தி. சும்மா தருகிற சாமானில் ஏதோ பழுது இருக்கும் என்று அவர்கள் நகர்ந்தார்கள். இராஜதுரை கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"ஆர் சொன்னது சும்மா எண்டு? சம்பளத்திலை மாசாமாசம் வெட்டுறாங்களே, அதுக்குள்ளை இதுவும் போட்டுது. நீங்கள் காசு கட்டின சாமான். எடுக்காமல் விட்டா வெள்ளைக்காரனுக்கு லாபம்."

அன்று மாலைக்குள் பத்தொன்பது பேர் கடிதத்தைத் தேடி எடுத்துக்கொண்டு மூன்று கடை தள்ளியிருந்த மருந்துக்கடைக்குப் போனார்கள். இரண்டாவது ஞாயிறு, அவர் பெண்களை மட்டும் பிடித்தார். புருஷனுக்கு மீன் வாங்கிக் கொடுக்கிற மனுசிதான் இதையும் வாங்கிக் கொடுக்கவேண்டும் என்றார். செவ்ரான், திரான்சி என்று புறநகர்களிலிருந்து வந்தவர்கள், தங்கள் கடிதத்தோடு பக்கத்து வீட்டுக்காரரின் கடிதத்தையும் கொண்டுவந்தார்கள். மூன்றாவது ஞாயிறு மருந்துக்கடைக்காரி, பெட்டி முடிந்துவிட்டது, புதன்கிழமைதான் வரும் என்று ஆளனுப்பினாள். தன் அலுவலகத்தில் இப்படியொரு செய்தியை ஒருவரும் கேட்டதில்லை என்று துஷ்யந்தி சொன்னாள்.

அன்றுதான் செவ்ரான்காரி ஒருத்தி, கொத்தமல்லிக் கட்டைக் கையில் பிடித்தபடி, அண்ணை நீங்கள் செய்தாச்சோ என்று கேட்டாள்.

"எனக்கு இன்னும் வயசு வரேல்லை, தங்கச்சி. நாப்பத்தெட்டு."

கடை சிரித்தது. இராஜதுரையும் சிரித்தார். ஆனால் கல்லாவுக்குத் திரும்பிப் போய் மூன்று பேருக்கு மிச்சக்காசைப் பிழையாகக் கொடுத்தார்.

லா சப்பலில் நடமாடும் ஆண்களில் பலருக்கு வயது இரண்டு. ஒன்று தாய் பெற்றது, மற்றது ஏஜென்சிக்காரன் பெற்றது. இராஜதுரையைத் தாய் பெற்றது 1964 மே 12. ஏஜென்சிக்காரன் பெற்றது 1974 செப்டெம்பர் 9. தொண்ணூறாம் ஆண்டு, இருபத்தாறு வயது இளைஞனின் மீசையை வழித்து, பதினாறு வயதுப் பிள்ளைக்குரிய கடவுச்சீட்டைக் கையில் கொடுத்து, சிறுவரைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று சொல்லிப் பிரான்சுக்கு விமானம் ஏற்றினான். சொன்னபடி நடந்தது. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு வேலை செய்யும் அனுமதிக் காட் கொடுக்கமாட்டார்கள். அதனால் இராஜதுரை நாலு வருடம் முன்னமே வந்திருந்த பத்திநாதர் என்பவரின் காட்டைக் கொடுத்து, பத்திநாதர் என்ற பெயரில், ஓர் உணவகத்தின் அடித்தளத்தில் பாத்திரம் கழுவினார். அந்தக் காட்டின்படி அவருக்கு முப்பத்துமூன்று வயது. ஒரே உடம்பு கடதாசியில் பதினாறாகவும் குசினியில் முப்பத்துமூன்றாகவும் இரவில் படுக்கும்போது இருபத்தாறாகவும் இருந்தது.

பிறகு கடதாசி எல்லாம் ஒழுங்காயிற்று. ஏஜென்சிக்காரன் பெற்ற வயதே நின்றது. 2001இல் அஜந்தாவைக் கலியாணம் பேசியபோது, பெண்வீட்டார் சாதகம் கேட்டார்கள். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு முப்பத்தேழு வயது மாப்பிள்ளை என்றால் கதவு சாத்துவார்கள். கடதாசி வயதுக்கு ஏற்றபடி புதிதாக ஒரு சாதகம் எழுதுவித்து அனுப்பினார். பத்துப் பொருத்தத்தில் எட்டு வந்தது. அஜந்தாவுக்கு இன்றுவரை, தன் கணவர் தன்னிலும் இரண்டு வயது மூத்தவர்.

ஒரு வியாபாரி மூன்று கிழமை தொடர்ந்து ஒரு சாமானை விற்றால், கடைசியில் அதை நம்புகிற ஆள் அவனாகத்தான் இருப்பான். ஐம்பது தாண்டினால் எடுங்கோ, ஒன்றுமில்லாவிட்டால் நிம்மதி, இருந்தால் சின்னதிலேயே வெட்டி எறியலாம் என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னவருக்கு, ஐம்பத்தெட்டு வயதுக் குடல் ஒன்று தன் வயிற்றுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டது. அவருக்குக் கடிதம் வராது. மருந்துக்கடையில் கேட்டால் சுகாதார அட்டையைப் போட்டுப் பார்த்து, இன்னும் வயது வரவில்லை என்பார்கள். துஷ்யந்தியிடம் கேட்டால் ஏனென்று கேட்பாள்.

பத்திநாதர் அப்போதும் பக்கத்தில்தான் இருந்தார். மன்னார்க்காரர், அறுபத்தாறு வயது, திரான்சியில் வீடு. பென்சன் எடுத்தபிறகு பிற்பகல் முழுக்க இராஜதுரையின் வெங்காயமூட்டைகளுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டிருந்து, வருகிற சனத்தின் சாதி சமயம் உட்பட எல்லாவற்றையும் விசாரிப்பார். துஷ்யந்தி அவரைத் தானே கையில் பிடித்து மருந்துக்கடைக்குக் கூட்டிப்போய்ப் பெட்டி எடுத்துக் கொடுத்திருந்தாள். மருந்துக்கடைக்காரி பெயர், பிறந்த திகதி எல்லாம் அச்சடித்து ஒட்டியும் தந்திருந்தாள். அவர் அதை வெங்காயமூட்டையின் மேல் வைத்துவிட்டு மறந்துபோனார். கேட்டபோது, மறக்கவில்லை, செய்யமாட்டேன் என்றார். அறுபத்தாறு வருடமாக உள்ளே போனது வெளியே வந்திருக்கிறது, இனித் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்பது அவர் வாதம்.

நாலு நாள் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வியாழக்கிழமை பிற்பகல் கடையில் ஆளில்லாத நேரம், இராஜதுரை அதைத் தனக்குத் தரும்படி கேட்டார். ஏன் என்று பத்திநாதர் கேட்கவில்லை. இராஜதுரையின் இரண்டு வயதும் தெரிந்தவர் பாரிஸில் அவர் ஒருவர்தான்.

"உன்ர சாமான், என்ர பேர்," என்றார் பத்திநாதர். "பழைய வழக்கம்தானே தம்பி. கொண்டு போ."

அதில் ஒரு பிழை இருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை. பெயர் என்பது கதவு திறப்பதற்கு. உள்ளே போய் வேலை செய்வது உடம்பு. இரண்டும் ஓராளுடையதாக இருக்கவேண்டும் என்பது வெள்ளைக்காரனின் பிடிவாதம் என்று அவர்கள் வந்த காலத்திலிருந்தே எண்ணம். ஒன்றுமில்லை என்று பதில் வந்தால் பத்திநாதருக்கு நற்செய்தி, இராஜதுரைக்கு நிம்மதி, துஷ்யந்திக்கு எண்ணிக்கையில் ஒன்று கூடும். மூவருக்கும் லாபமான வியாபாரம். திங்கள் காலை கடை திறக்குமுன் இராஜதுரை உறையைத் தபாற்பெட்டியில் போட்டார்.

ஏப்பிரல் நடுப்பகுதியில் பத்திநாதர் வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே வந்தார். முக்காலியில் இருக்கவில்லை. கருவாடு வாங்கிக்கொண்டிருந்தவர் போகும்வரை நின்றுவிட்டு, கடிதத்தைக் கல்லாவின் மேல் வைத்தார். குழாயில் இரத்தம் இருந்தது, உடனே உங்கள் குடும்ப வைத்தியரைப் பாருங்கள், பெருங்குடலைக் கமெரா விட்டுப் பார்க்கவேண்டும் என்று இருந்தது.

இராஜதுரை இரண்டு தரம் வாசித்தார். பெயருக்கு நேரே பத்திநாதர் என்றிருந்ததை மூன்று தரம் வாசித்தார்.

பத்திநாதர் சட்டைப்பையிலிருந்து தன் சுகாதார அட்டையை எடுத்துக் கடிதத்தின் மேல் வைத்தார். வைத்தியர் ஏற்கெனவே தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டாராம். ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தன் முகம் தெரியாது, அட்டையிலுள்ள படம் பழையது, வெள்ளைக்காரனுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே முகம், நீயே போய்ப் படுத்துவிட்டு வா என்றார். தன் பெயரில் நாலு வருடம் பாத்திரம் கழுவியவனுக்கு இது பெரிய வேலையா என்பது அவர் எண்ணம்.

இராஜதுரை அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. அட்டையைக் கொண்டு உள்ளே போகலாம், அது உறுதி. ஆனால் கமெரா உள்ளே போய் ஏதாவது கண்டால்? கட்டி பத்திநாதருக்கு என்று எழுதுவார்கள். வெட்டுவதற்குத் திகதி பத்திநாதருக்குக் கொடுப்பார்கள். மருந்து ஏற்ற வேண்டிவந்தால் பத்திநாதரின் பெயரில் ஏறும். அடுத்த வருடம் பத்திநாதருக்கு உண்மையாகவே நெஞ்சு நொந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், உனக்குக் குடலில் பாதி இல்லையே என்று கோப்பைப் பார்த்துக் கேட்பார்கள். மூன்றாம் நாள் இதையெல்லாம் அவர் சொல்ல, பத்திநாதர் யோசித்தார். யோசனை அவரை வேறொரு பக்கத்துக்குக் கொண்டுபோனது.

"தம்பி, நீ செத்தா நான் செத்ததெண்டெல்லோ எழுதுவாங்கள். என்ர பென்சன் நிண்டு போகும்."

அட்டையை அவரே திரும்ப எடுத்துக்கொண்டார். கடைக்கு ஆள் வந்தது. இராஜதுரை எழுந்து முருங்கைக்காய் நிறுத்தார்.

அடுத்த கிழமை, மேசை வைத்து உதவியதற்கு நன்றி சொல்ல ஒரு கேக் பெட்டியோடு துஷ்யந்தி வந்தாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் நல்ல சந்தோஷம், கடை வைத்திருப்பவர்களுடன் சேர்ந்து செய்தால் இவ்வளவு கூடும் என்று ஓர் அறிக்கையும் எழுதப்போகிறார்கள் என்றாள். இராஜதுரை கேக்கை வாங்கி வைத்துவிட்டு, மீன் பெட்டிக்குப் பின்னாலிருந்த சிறிய அறைக்கு அவளைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். மீசை வழித்ததிலிருந்து சொன்னார்.

அவள் சத்தம் போடவில்லை. கையிலிருந்த தொலைபேசியைத் திருப்பித் திருப்பி வைத்தாள். அவளுக்கு வாயில் முதலில் பிரெஞ்சுதான் வந்தது. பிறகு தமிழைத் தேடி எடுத்தாள்.

"அங்கிள், எங்கட கொம்ப்யூட்டர் இப்ப பத்திநாதர் அங்கிளைத் தேடிக்கொண்டிருக்கு. அவர் போகாட்டித் திரும்பக் கடிதம் போடும், டொக்டர் கூப்பிடுவார், நான் கூப்பிடுவன். ஆறு மாசத்துக்கு விடமாட்டம். உங்களை ஒருத்தரும் தேடேல்லை. ரத்தம் உங்கடை."

தன் எண்ணிக்கையில் ஒன்று கூடவேண்டும் என்று இராஜதுரை செய்த உபகாரத்தைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த எண்ணிக்கைக்காகத்தான் அவரும் செய்தார் என்று அவள் நினைத்துக்கொண்டு போவதை அவர் விரும்பவில்லை. தான் பயந்ததைச் சொன்னார். கடிதம் வராத வயதில் பயந்ததைச் சொன்னார்.

துஷ்யந்தி முக்காலியில் இருந்தாள். வழி இருக்கிறது என்றாள். சொந்தப் பெயரில் சொந்த வைத்தியரிடம் போகவேண்டும். குழாயில் வந்த இரத்தம் தன்னுடையதென்று சொன்னால் போதும், அதற்கு ஐம்பது வயது தேவையில்லை, முப்பது வயதுக்காரனுக்கும் கமெரா விட்டுப் பார்ப்பார்கள். உண்மையான வயதையும் சொல்லவேண்டும், மயக்கமருந்து கொடுப்பவருக்கு அது தெரியவேண்டும். வைத்தியர் அதை வெளியே சொல்லக்கூடாது, அது சட்டம். கடதாசியை மாற்றும்படி ஒருவரும் கேட்கமாட்டார்கள். பத்திநாதரின் கோப்பைத் தான் தன் பொறுப்பில் திருத்தப்போவதாகவும், அவர் இந்தமுறை தன்னுடையதைத் தானே தரவேண்டும் என்றும் சொன்னாள். எழும்பும்போது கேட்டாள், அன்ரிக்குத் தெரியுமோ என்று.

அஜந்தாவுக்குத் தெரியாது. தெரியாமல் வைக்கலாமா என்று இராஜதுரை ஒரு கிழமை கணக்குப் பார்த்தார். துஷ்யந்தி சொன்னபடி சொந்தப் பெயரில் போய்ப் பார்த்த வைத்தியர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதத்தில், நோயாளி தனக்கு உண்மையில் ஐம்பத்தெட்டு வயது என்கிறார் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். கார்ஜ் வீட்டில் கடிதம் திறப்பது, பதிவது, பதில் எழுதுவது எல்லாம் அஜந்தாவின் வேலை. பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலைசெய்து பிரெஞ்சைப் பிடித்தவள். முதல் நாள் இரவிலிருந்து குடலைக் கழுவும் மருந்து குடிக்கவேண்டும், ஒரு கழிப்பறை உள்ள வீட்டில் அதை மறைக்க முடியாது. மயக்கம் தெளிந்தபின் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருவர் வந்து கையெழுத்துப் போடவேண்டும். பத்திநாதரைக் கூப்பிடலாம். பத்திநாதர் கையெழுத்தை இராஜதுரையின் பெயரில் போட்டாலும் போடுவார்.

ஒரு பிற்பகல் கடையைப் பத்திநாதரிடம் விட்டுவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போனார். அஜந்தா மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதலில் இரத்தத்தைச் சொன்னார். அவள் கீரையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள், பயந்துபோனாள், எழுந்து வந்து பக்கத்தில் இருந்தாள். நாற்பத்தெட்டு வயதில் இது வருமா என்று கேட்டாள். அந்த இடத்தில் விட்டிருக்கலாம். வரும் என்று சொல்லியிருந்தால் பொய்யும் இல்லை. வியாபாரத்தில் அப்படி ஓர் இடம் உண்டு, வாங்குகிறவர் தானாகவே ஒரு விலையைச் சொல்லிவிடுகிற இடம். அங்கே வாயை மூடிக்கொண்டிருப்பவன்தான் கெட்டிக்காரன்.

"நாப்பத்தெட்டில்லை அஜந்தா. அம்பத்தெட்டு."

அவள் விளங்காமல் பார்த்தாள். அவர் சொல்லி முடித்ததும் விரலை மடித்தாள்.

"அப்ப கலியாணத்தண்டு முப்பத்தேழு."

"ஓம்."

"எனக்கு இருபத்தஞ்சு." இன்னும் ஏதோ எண்ணினாள். "சாதகம்?"

"இஞ்சை எழுதுவிச்சது."

"எட்டுப் பொருத்தம் எண்டு எங்கட அம்மா பிள்ளையாருக்குப் பொங்கிப் படைச்சவ."

அவர், சொல்லியிருந்தால் நீ வந்திருக்கமாட்டாய் என்றார். வந்திருக்கமாட்டன்தான் என்றாள் அவள், யோசிக்காமல். எழுந்து போய்க் கீரையை ஆய்ந்தாள். அதற்குப்பிறகு ஆஸ்பத்திரித் திகதிவரை, பதினேழு நாள், வீட்டில் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. ஆஸ்பத்திரி அனுப்பிய சாப்பாட்டுத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். கடைசி மூன்று நாளும் அதில் சொன்னபடி மரக்கறியில்லாமல், பருப்பில்லாமல், வெள்ளைச்சோறும் அவித்த மீனும் நேரம் தவறாமல் மேசைக்கு வந்தன. கடையில் இராஜதுரையின் வாய் குறைந்துபோனதைச் சனம் கவனித்தது, வெயிலுக்கு என்றார்.

மே இருபது தாண்டி ஒரு காலை, இருவரும் ஆர்.ஈ.ஆர். ரயிலில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிரெஞ்சு ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம் உண்டு. வாசலில் இருப்பவர் பெயரும் பிறந்த திகதியும் கேட்பார். உடுப்பு மாற்றத் தருபவர் கேட்பார். கையில் பட்டி கட்டுபவர் கேட்பார். ஊசி போடுபவர் கேட்பார். ஆளை மாற்றி வெட்டிவிடக்கூடாதென்று. இராஜதுரை முப்பத்துமூன்று வருடமாக, எந்த அலுவலக யன்னலிலும், நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும், ஒன்பது செப்டெம்பர் எழுபத்துநாலு என்று சொல்லிப் பழகியவர். அன்று காலையும் நாலு தரம் சொன்னார்.

ஐந்தாம் தரம், உள்ளே, விளக்குக்குக் கீழே, முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு தாதி கேட்டாள். பதினேழு நாளாக அஜந்தாவிடம் சொன்ன வயதே எண்ணமாக இருந்த மனிதர், அந்த முகமூடியைப் பார்த்தார். பன்னிரண்டு மே ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்துநாலு என்றார்.

எல்லாம் நின்றது. தாதி பட்டியைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், திரும்பக் கேட்டாள். இப்போது அவர் செப்டெம்பர் என்றார். இரண்டு திகதி சொல்கிற ஆளுக்கு மயக்கமருந்து கொடுக்கமாட்டார்கள். அவருடன் முன்பு பேசிய மயக்கமருந்து வைத்தியர் அன்று வேலையில் இல்லை. வந்திருந்தவர் இளம் பெண், கடிதத்தின் அந்த வரியை வாசித்திருந்தாலும், முன்னால் படுத்திருப்பது கடிதத்திலுள்ள ஆள்தான் என்று முதலில் நிச்சயமாகத் தெரியவேண்டும் என்றாள். கூட வந்தவரைக் கேட்டு வரும்படி தாதியை அனுப்பினாள். உறுதியில்லாவிட்டால் இன்று செய்வதில்லை, வேறு திகதி, செப்டெம்பருக்குப் பின்.

காத்திருக்கும் இடத்தில் அஜந்தா இருந்தாள். தாதி பணிவாகத்தான் கேட்டாள்: மடம், தாளிலுள்ளதோடு ஒத்துவந்தால்தான் இன்று செய்வார்கள், உங்கள் கணவரின் பிறந்த திகதி என்ன?

பதினேழு நாளைக்கு முன் என்றால் அதற்கு அஜந்தாவிடம் ஒரே பதில்தான். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு, வீட்டு வாடகைக்கு, வரிக்கு என்று இருபத்திரண்டு வருடம் தன் கையால் எழுதிய திகதி. இப்போது அவளிடம் இரண்டு இருந்தன. ஒன்று அவளை ஏமாற்றிய திகதி. மற்றதைச் சொன்னால் அது உண்மை, அவர் இன்று வீட்டுக்கு அனுப்பப்படுவார், இரத்தத்தோடு.

"ஒன்பது செப்டெம்பர் எழுபத்துநாலு," என்றாள் அஜந்தா, சுத்தமான பிரெஞ்சில். வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். தாதி சொன்னாள். அஜந்தா கொஞ்சம் சிரித்தாள். அது அவருடைய அண்ணனின் திகதி, பாவம், பயத்தில் உளறுகிறார், வலது தோளில் ஒரு வெட்டுத்தழும்பு இருக்கும் பாருங்கள், அவர்தான் என்றாள். அடையாள அட்டையையும் குடும்பப் பதிவேட்டையும் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். இராஜதுரைக்கு அண்ணன் கிடையாது. இவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொல்ல அவளுக்கு யாரும் பழக்கியதில்லை. இருபத்திரண்டு வருடம் கடைக்காரனோடு வாழ்ந்தவள்.

இரண்டு சதைவளர்ச்சிகள் இருந்தன. சின்னதைப் பற்றி ஒன்றுமில்லை. மற்றது பதினேழு மில்லிமீற்றர். அங்கேயே வெட்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். இரண்டு கிழமையில் பதில் வந்தது. புற்றாக மாறவில்லை, ஆனால் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தது. ஐம்பதாவது வயதுக் கடிதம் வரும்வரை காத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இராஜதுரை கேட்டார். வைத்தியர், மூன்று வருடத்தில் திரும்ப வாருங்கள் என்றார்.

மயக்கம் தெளிந்து வீட்டுக்கு வந்த அன்று வழியில் அவர் அஜந்தாவுக்கு நன்றி சொல்லப் பார்த்தார். அவள் யன்னலைப் பார்த்தபடி, நான் உங்களை மன்னிச்சிட்டன் எண்டு நினைக்கவேண்டாம், நாலு மாசமோ நாலு வருஷமோ எனக்குத் தெரியாது, அதுவரைக்கும் உயிரோடை இருக்கவேணும் என்றாள். அதில் பேரம்பேச அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பத்திநாதர் தன் குழாயைத் தானே நிரப்பித் தபாலில் போட்டார். ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் சித்தியெய்தினவர்போல் ஒரு மாதம் எல்லோருக்கும் காட்டினார்.

துஷ்யந்தி அறிக்கையில் எத்தனை பெட்டி போனது என்று எழுதினாள். எழுதாத ஒன்றை அலுவலகத்தில் தன் மேலதிகாரியிடம் வாயால் சொன்னாள்: கடிதம் போகாத ஆட்கள் இந்தத் தெருவில் இருக்கிறார்கள், அவர்களைக் கணினியில் தேடி எடுக்க முடியாது, மேசையில் இருந்துதான் எடுக்கவேண்டும், எடுத்து நேரே வைத்தியரிடம் அனுப்பவேண்டும். மேலதிகாரி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இலையுதிர் காலத்திலும் ஞாயிறுகளில் போகும்படி சொன்னார்.

ஒக்டோபரில் மேசை திரும்ப வந்தது. அரிசிக்கும் மீனுக்கும் நடுவில், அதே இடத்தில். இந்தமுறை கதவைத் திறந்துகொண்டு அஜந்தாவும் வந்தாள். ஒருவரும் கூப்பிடவில்லை. துஷ்யந்திக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இராஜதுரை கல்லாவிலிருந்து பார்த்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மத்தியானம்போல மீசைக்கு நன்றாக மை பூசிய ஒருவர், மனைவியோடு வந்தார். மனைவி விளைமீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மேசையைத் தாண்டப்போகும்போது துஷ்யந்தி கூப்பிட்டாள். தனக்கு நாற்பத்தேழு, இன்னும் காலம் கிடக்கு என்று சொல்லிச் சிரித்தார்.

அஜந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்தை, கைநரம்பை, முழங்காலில் கையூன்றி நின்ற விதத்தை.

"கடதாசியிலையோ, அண்ணை?"

அவர் சிரிப்பு நின்றது. மீன் பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, "சத்தம் போடாதேங்கோ, பிள்ளை," என்று சொல்லிக் கதிரையை இழுத்தார்.